ஆட்டம் இல்லாத இரும்பு

கோர்ட்டில் பிரித்துக் கொடுத்தபோது
துப்பாக்கி எனக்கு வந்தது,
பிரஸ் லைலுக்குப் போனது.
யானை ஒரு வீட்டில், அங்குசம் இன்னொரு வீட்டில்.
நீதிபதிக்கு வேட்டை தெரியாது.

பிரஸ் என்றால்
கல்யாணப் பத்திரிகை அடிப்பதல்ல.
சுட்டு முடித்த பித்தளை உறையைப்
பழைய உடம்புக்குள் மறுபடி நெருக்கும் இரும்பு.
வெடித்தபோது உப்பிய வயிறு
டைக்குள் போய் இளைத்து வரும்.

கடையில் பெட்டிக்கு இருபது தோட்டா,
நூற்றுப் பத்து டாலர்.
நான் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள்,
பெய்தால்தான் ஓவர்டைம்.
மூன்று குளிர்காலத்து வெற்று உறைகளைக்
காப்பி டப்பாவில் போட்டுக்கொண்டு
பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் இறங்கினேன்,
ஆர்லின் டோப்ஸ் கடைக்கு.

அவர் முதலில் காட்டியது
தானே சுழலும் தட்டு வைத்த பெரிய யந்திரம்.
மணிக்கு நானூறு, என்றார்.
எனக்கு வருஷத்துக்கு ஒரு எல்க் போதும், ஆர்லின்.
குறி பார்க்கப் பத்து, மலைக்கு ஐந்து,
அந்த ஐந்திலும் நான்கு திரும்பி வரும்.
நானூறை வைத்துக்கொண்டு
எந்த நாட்டின் மீது படையெடுப்பேன்?

அடுத்தது அலுமினியம்.
பால் கேனைவிட லேசு.
என் டப்பாவிலிருந்து ஓர் உறையை எடுத்துத்
தன் சுண்டுவிரலோடு வைத்து அளந்தார்.
அளந்துவிட்டு, தானே பிரஸ்ஸை
மறுபடி தட்டில் ஏற்றிவிட்டார்.

மூன்றாவது வார்ப்பிரும்பு.
எந்தப் பக்கமும் வாய் திறக்காத சட்டம்,
கனத்த ஒரு வளையம் போல.
நெம்புகோல் என் கையளவு நீளம்.
போன வசந்தத்தில் தைத்த வலது தோளை
அது ஒன்றும் கேட்கவில்லை,
விரல்களின் எடைக்கே இறங்கிற்று.
விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு
அப்படியே திருப்பி வைத்தேன்.

அப்போதுதான்
பழைய சாமான் அலமாரியில், ஸ்கேட் காலணிகளுக்குப் பின்னால்,
பச்சைச் சட்டம்.
குமிழ் இருக்க வேண்டிய இடத்தில்
பில்லியர்ட்ஸ் பந்து, எண் எட்டு.
அந்தப் பந்தில் துளை போட்டவள் நான்.

அக்டோபரில் கொண்டு வந்தான்,
ஏதோ பணமுடையாம்,
என்று சொல்லி ஆர்லின் ஜன்னலைப் பார்த்தார்.
உனக்கென்றால் பாதி விலை.

இழுத்தேன்.
தண்டு மேலே வந்தது,
வந்து நிற்கிற இடத்தில்
இடமும் வலமுமாக
ஒரு மயிரிழை அசைந்தது.
இன்னொரு தடவை இழுத்தேன்.
அசைந்தது.

பதினோரு வருஷம்.
குறி தவறும்போதெல்லாம்
என் மூச்சைக் குறை சொன்னான்,
விசையில் வைத்த விரலை,
கண்ணை,
என் அம்மாவின் கண்ணையும்.

நான் ஏன் சிரிக்கிறேன் என்று
ஆர்லினுக்குப் பிடிபடவில்லை.

வார்ப்பிரும்பையே கட்டச் சொன்னேன், இரண்டு தவணை.
எட்டாம் எண் பந்தை மட்டும் கழற்றித் தரச் சொன்னேன்.
அதற்குத் தனியாக இரண்டு டாலர் போட்டார் மனுஷன்.

ராத்திரி கராஜில்
மேசையில் முடுக்கி, முதல் உறையை வைத்து
இழுத்தபோது
பிரஸ் அசையவில்லை.
மேசை எழுந்தது.
டப்பா கவிழ்ந்து உறைகள்
லாரிக்கடியில் எல்லாம் உருண்டோடின,
நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு போயிற்று.
இரும்பில் ஆட்டம் இல்லையென்றால்
அது வேறெங்காவது போய் உட்காரும் போல.

சனிக்கிழமை கனத்த பலகை வாங்க வேண்டும்,
சுவரோடு சேர்த்து போல்ட் போட வேண்டும்.
இப்போதைக்கு
முழங்காலால் மேசையை அமுக்கிக்கொண்டு
ஒன்றே ஒன்று:
மெழுகு தடவி, ஏற்றி, இறக்கி,
விளக்குக்கு நேரே பிடித்து உருட்டிப் பார்த்தேன்.

என் மூச்சில் ஒன்றுமில்லை.

வெளியே
பெய்யத் தொடங்கியிருந்தது.
நாலு மணிக்கு போன் வரும்.